இரவில் எழுப்பிய இயந்திரம்

கருவிகளும் கடவுளரும் – 11

1198ஆம் ஆண்டின் ஓர் இரவில், கிழக்கு இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடாலயத்தில் புனிதரின் பேழைக்கு அருகே எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்திகளிலிருந்து தீப்பற்றியது. வைகறை வழிபாட்டுக்கு முன்னதாகக் கடிகாரம் ஒலித்து, அதைக் கேட்டு எழுந்தவர் தீயைப் பார்த்ததால் பெருஞ்சேதம் தவிர்ந்தது. அம்மடத்துத் துறவி ஜோஸ்லின் தம் குறிப்பேட்டில் இதைப் பதிவுசெய்தபோது, போகிற போக்கில் ஒரு தகவலையும் விட்டுச் சென்றார். தீயணைக்கத் தண்ணீர் தேடிய இளந்துறவிகள் சிலர் கிணற்றுக்கு ஓடினார்களாம், சிலர் கடிகாரத்துக்கு ஓடினார்களாம். நெருப்பின்மேல் ஊற்றும் அளவுக்குத் தண்ணீர் கொண்ட ஒரு கடிகாரம் 12ஆம் நூற்றாண்டிலேயே அந்தக் கோயிலுக்குள் இருந்திருக்கிறது. குறித்த நேரம் வந்ததும் ஆள் தொடாமலே அது ஒலி எழுப்பியும் இருக்கிறது. அதே நாட்டில் இன்னும் 100 ஆண்டுகளுக்குள் தண்ணீரே இல்லாத கடிகாரம் வந்துவிடும். எடைக்கல்லின் கனத்தால் இறங்கி, பற்சக்கரங்களால் ஓடும் அந்த இயந்திரம்தான் பின்னர் உலகத்தின் வேலைநேரத்தையே மாற்றப்போகிறது. அது ஏன் சந்தையிலோ அரண்மனையிலோ அல்லாமல் செபக்கூடத்தில் முதலில் தென்படுகிறது என்பதே இந்தப் பகுதியின் கேள்வி.

மதம் தொழில்நுட்பத்துக்கு நண்பனா, பகைவனா என்று விவாதிப்பவர்கள் வழக்கமாக ஒரு மதத்தின் கொள்கையை எடுத்துவைத்துக்கொண்டு, அது உழைப்பைப் போற்றுகிறதா, இயற்கையை வெல்லச் சொல்கிறதா, புதுமையைப் பாவம் என்கிறதா என்று தேடுவார்கள். இந்தத் தேடல் பெரும்பாலும் வீண் என்பது என் எண்ணம். எந்தப் பெரிய மதத்தின் நூல்களிலும் இரு பக்கத்துக்கும் வேண்டிய சான்று கிடைக்கும். கொள்கையை விட்டுவிட்டு, அந்த மதத்தார் அன்றாடம் செய்யும் வழிபாட்டை, அதன் நேரத்தை, இடத்தை, அதில் யார் யார் எங்கே தடுமாறினார்கள் என்பதைப் பார்த்தால் கருவிகளின் பிறப்பு தெளிவாகத் தெரியும். கடிகாரம் அதற்கு மிக நல்ல சான்று.

6ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மொந்தே கசீனோ மலையில் வாழ்ந்த பெனடிக்ட், தமிழ்க் கத்தோலிக்கர் புனித ஆசீர்வாதப்பர் என்று அழைப்பவர், தம் துறவிகளுக்காக 73 அதிகாரங்களில் ஓர் ஒழுங்குநூல் எழுதினார். பகலில் ஏழு முறை, இரவில் ஒரு முறை கூடிச் செபிக்க வேண்டும். தெய்வப் பணிக்கு முன்னால் வேறெந்த வேலையும் நிற்கக்கூடாது. இது கொள்கை. ஆனால் அந்நூலின் சுவை அதன் கவலைகளில் இருக்கிறது. நேரத்தை அறிவிக்கும் பொறுப்பு மடாதிபதியுடையது, அல்லது அவர் நம்பும் கவனமான ஒரு சகோதரருடையது என்கிறது ஓர் அதிகாரம். பிந்தி வருபவரைத் தனியிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி நிறுத்தச் சொல்கிறது இன்னொன்று. ஞாயிறன்று எல்லாரும் தூங்கிப்போய்ப் பிந்தி எழ நேர்ந்தால் வாசகங்களை எப்படிச் சுருக்குவது, அதற்குக் காரணமானவர் கோயிலில் எப்படிப் பரிகாரம் செய்வது என்பதையும் சொல்லிவைக்கிறது. நவம்பர் முதல் நாளிலிருந்து ஈஸ்டர் வரை இரவின் எட்டாம் மணியில் எழ வேண்டும். இன்றைய கணக்கில் அது இரவு இரண்டு மணியை ஒட்டிய நேரம். சேவல்கூடக் கூவாத அந்தப் பொழுதில், வெளிச்சத்தின் எந்த அடையாளமும் இல்லாத குளிர்கால இருட்டில், ஒரு கூட்டம் முழுவதும் ஒன்றாக எழுந்தாக வேண்டும். எழாவிட்டால் அது சோம்பல் என்று போகாது, குற்றமாகிவிடும்.

இந்த இரவுச் செபத்துக்காக மேற்கு ஐரோப்பிய மடங்கள் என்னென்ன முயன்றன என்பதே ஒரு தனிக்கதை. தூர் நகரத்து ஆயர் கிரெகோரி, எந்த மாதத்தில் எந்த விண்மீன் எழும்போது செபத்துக்கு எழலாம் என்று 6ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கையேடு எழுதினார். மேகம் மூடினால் கையேடு பயன்படாது. வடமேற்கு ஐரோப்பாவில் மேகம் மூடாத குளிர்கால இரவுகளோ குறைவு. 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி பீட்டர் தாமியான், நேரம் அறிவிக்கும் துறவி வீண்கதை பேசக்கூடாது, நினைப்பு வேறெங்கும் போகக்கூடாது, வானம் தெரியாதபோது ஓதிய திருப்பாடல்களின் எண்ணிக்கையை வைத்தே பொழுதைக் கணிக்க வேண்டும் என்று அறிவுரை சொல்கிறார். இவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல நேர்ந்தது என்றால் அந்தத் துறவிகள் எவ்வளவு அடிக்கடி தூங்கிப்போயிருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். காவலிருப்பவரும் மற்றவர்களைப் போலவே பகலெல்லாம் உழைத்தவர், செபித்தவர். அவரை எழுப்ப யார் இருக்கிறார்கள்? 12ஆம் நூற்றாண்டின் சிஸ்டெர்சிய மடங்கள் கடிகாரத்தைத் திருத்தி வைத்து ஒலிக்கச் செய்வதைக் கோயில்பிள்ளையின் கடமையாக எழுதிவைத்தன. அதற்குள் மனிதரை நம்புவதிலிருந்து பொறியை நம்புவதற்கு மடங்கள் மாறிவிட்டிருந்தன.

தண்ணீரிலிருந்து எடைக்கல்லுக்குத் தாவியது எப்போது, யாரால் என்று காட்டும் ஏடு கிடைக்கவில்லை. ஆனால் தாவிய காலத்தின் இரு கரைகளும் தெரிகின்றன. 1271-ல் இராபர்ட்டஸ் ஆங்கிலிகஸ் என்ற வானியல் ஆசிரியர், நாளுக்குச் சரியாக ஒரு சுற்றுச் சுற்றும் சக்கரத்தை உருவாக்கக் கடிகாரக்காரர்கள் முயல்கிறார்கள், இன்னும் முழுதாகக் கைகூடவில்லை என்று எழுதினார். 1283-ல் இங்கிலாந்தின் டன்ஸ்டபிள் மடத்து ஆண்டுக்குறிப்பு, கோயிலின் நடுமேடைக்கு மேல் ஒரு கடிகாரம் வைக்கப்பட்டதைச் சொல்கிறது. குளமோ தொட்டியோ வைக்க வசதியில்லாத அந்த உயரத்தில் இருந்ததால் அது எடைக்கல்லால் ஓடியதாகவே இருக்க வேண்டும் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் ஆங்கிலேயப் பேராலயங்களின் கணக்கேடுகளில் கடிகாரச் செலவு அடுத்தடுத்து வருகிறது. கயிற்றில் தொங்கும் எடைக்கல் தடையின்றி விழுந்தால் சக்கரம் கண்மண் தெரியாமல் சுழலும். அதன் பல் ஒவ்வொன்றையும் ஒரு கணம் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும் ஆடுதண்டுதான் இந்தக் கண்டுபிடிப்பின் உயிர். நம் காதில் விழும் டிக்-டிக் ஓசை அந்தப் பிடிப்பும் விடுப்பும்தான்.

மேற்குலகின் தொழில் யுகத்துக்கு மூல இயந்திரம் நீராவி எந்திரம் அல்ல, கடிகாரமே; அதன் ஊற்று மடாலயம் என்று 1934-ல் அமெரிக்க எழுத்தாளர் லூயிஸ் மம்ஃபோர்ட் எழுதியபோது அந்தக் கருத்து வேகமாகப் பரவியது. அவருக்கு எழுந்த மறுப்புகளில் ஒன்று மிக வலுவானது. மடத்தின் மணிக்கணக்கு நம் மணிக்கணக்கு அல்ல. பகலைப் பன்னிரண்டாகவும் இரவைப் பன்னிரண்டாகவும் பிரிப்பார்கள். ஆகவே இலண்டன் போன்ற இடத்தில் கோடைக்காலப் பகலின் ஒரு மணி இன்றைய 80 நிமிடத்தை நெருங்கும், குளிர்காலத்தில் 40 நிமிடத்துக்குச் சுருங்கும். ஒரே சீராக அடிக்கும் இயந்திரம் இப்படி நீண்டு சுருங்கும் மணிக்கு எப்படி உதவும்? மடங்களுக்குப் பொருந்தாத இயந்திரத்தை மடங்கள் ஏன் உருவாக்க வேண்டும்? இந்த மறுப்பு மடங்களின் தேவை நாள் முழுதும் மணி பார்ப்பது என்று எண்ணிக்கொள்வதால் வருகிறது. பகலில் அவர்களுக்குச் சூரியன் இருந்தது. இருட்டில் வேண்டியிருந்தது ஒரே ஒரு கணம். மாலையில் இன்ன அளவு என்று திருத்தி வைத்தால், அத்தனை நேரம் கழிந்ததும் ஒலிக்க வேண்டும், அவ்வளவே. பருவத்துக்கேற்ப அந்த அளவை மாற்றிக்கொள்ளக் கோயில்பிள்ளை இருந்தார். மணியின் பெயர் அல்ல, கழிந்த நேரத்தின் நீளமே அங்கே கேள்வி. அதை அளக்கச் சீராக ஓடுவதே போதும். எழுப்புமணியின் சுத்தியலை முன்னும் பின்னும் ஆட்டிய பழைய அமைப்பிலிருந்தே மேற்சொன்ன ஆடுதண்டு பிறந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் ஊகிக்கிறார்கள். நிறுவப்படாத ஊகம்தான், ஆனாலும் நேரம் காட்டும் முகம் வருவதற்கு முன்பே எழுப்பும் மணி வந்துவிட்டது என்ற வரிசையோடு அது பொருந்திப்போகிறது.

இன்னொரு மறுப்பு வானியலாளர்களிடமிருந்து வருவது. கடிகாரம் தூக்கத்தை விரட்டப் பிறந்ததல்ல, வானத்தைப் போலச் செய்யப் பிறந்தது என்பார்கள். இதற்கு ஆதாரம் உண்டு. கருமான் ஒருவரின் மகனாகப் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, மடத்தவரால் வளர்க்கப்பட்டு, ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் பயின்ற வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு, 1327-ல் செயின்ட் ஆல்பன்ஸ் மடாதிபதியானார். தொழுநோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது. மடத்துச் சுவர்கள் பழுதாகிக் கிடந்தபோது அவர் சூரியன், சந்திரன், கிரகணம் எல்லாம் காட்டும் மாபெரும் கடிகாரத்தில் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். மன்னர் மூன்றாம் எட்வர்டு நேரில் வந்து, கோயிலைப் பழுதுபார்க்காமல் இதென்ன வேலை என்று கடிந்துகொண்டார். கட்டடத்தைப் பழுதுபார்க்கப் பின்வரும் மடாதிபதிகளால் முடியும், இந்தக் கடிகாரத்தை முடிக்க எனக்குப் பின் ஆள் கிடைக்காது என்பது ரிச்சர்டின் பதில். 1336-ல் அவர் இறந்தபோது வேலை முடிந்திருக்கவில்லை. பின்னால் வந்தவர்கள்தான் முடித்தார்கள். பாதுவாவின் ஜொவான்னி தோந்தி 16 ஆண்டு உழைத்து 1364-ல் முடித்த கோளக்கடிகாரமும் கோள்களின் நடையோடு ஈஸ்டர் போன்ற நகரும் திருநாள்களையும் காட்டியது. ஆகவே கடிகாரத்துக்கு வானியல் வேரும் உண்டு என்பதை மறுக்க முடியாது, மறுக்கவும் தேவையில்லை. ஆனால் அந்த வானியலுக்குச் சோறு போட்டது யார்? ஒரு கருமான் மகனைப் படிக்கவைத்து, இலாபம் தராத பொறிக்குப் பல ஆண்டு பணம் கொடுத்து, செய்தவர் செத்த பிறகும் வேலையை விடாமல் முடிக்கக்கூடிய அமைப்பு 14ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மடத்தைத் தவிர எது? வணிகர் வட்டிக்கணக்குப் பார்ப்பார். அரசருடைய கணக்கு என்ன என்பதை எட்வர்டின் கேள்வியே சொல்லிவிட்டது. இதில் வேடிக்கை, சமயத்தின் பெயரால் கடிகாரத்தைக் குறைசொன்னவர் அரசர். அதைக் காத்தவர் துறவி.

அப்படியானால் நாள்தோறும் நேரம் தவறாமல் வழிபடும் எந்தச் சமூகத்திலும் இந்த இயந்திரம் பிறந்திருக்க வேண்டுமே என்ற கேள்வி எழும். என் வாதத்துக்கு உண்மையான சோதனை இதுதான். இஸ்லாத்தில் ஐவேளைத் தொழுகை கடமை. நீர்க்கடிகார நுட்பத்தில் ஐரோப்பா அவர்களிடம் மாணவன். 807-ல் கலீபா ஹாரூன் அல்ரஷீத் அனுப்பிய நீர்க்கடிகாரத்தைச் சார்லிமேன் அவையில் எல்லாரும் வாய்பிளந்து பார்த்தார்கள், 1206-ல் அல்ஜஸரி எழுதிய பொறிநூலுக்கு இணையாக அன்றைய ஐரோப்பாவில் எதுவும் இல்லை. ஆனாலும் எடைக்கல் கடிகாரம் டமாஸ்கஸிலோ கெய்ரோவிலோ பிறக்கவில்லை. காரணம் தொழுகை நேரத்தின் இயல்பிலேயே இருக்கிறது. லுஹர் சூரியன் உச்சி சாய்ந்ததும், அசர் நிழலின் நீளத்தால், மஃரிப் சூரியன் மறைந்ததும், இஷா செவ்வானம் மங்கியதும், சுபுஹு கிழக்கு வெளுத்ததும் என ஐந்தும் வானத்தில் தெரியும் குறிகளோடு கட்டப்பட்டவை. நள்ளிரவுக்குப் பிந்தைய தஹஜ்ஜுத் சிறப்பு என்றாலும் ஊரே கூடியாக வேண்டிய கடமை அல்ல. எழவேண்டியவர் மோதினார் ஒருவர்; அவர் உயரத்தில் நின்று பாங்கு சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் எழுந்துகொள்வார்கள். ஆகவே அங்கே எழுந்த கேள்வி, மாலையிலிருந்து எவ்வளவு நேரம் கழிந்தது என்பதல்ல. சூரியன் இப்போது எங்கே இருக்கிறது என்பது. அதற்கு விடை பற்சக்கரத்தில் இல்லை, முக்கோணவியலில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டிலிருந்து பள்ளிவாசல்களில் நேரக்கணிதர்களே சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டார்கள். கெய்ரோவில் தொழுகை நேரத்துக்கான அட்டவணைகள் மட்டும் சுமார் 30,000 எண்களைக் கொண்டவை. டமாஸ்கஸ் உமய்யா பள்ளியின் தலைமை நேரக்கணிதர் இப்னு அல்ஷாதிர் 1371-ல் மினாராவில் பதித்த இரண்டு மீட்டர் நீளச் சூரியக்கடிகாரம் அந்தக் காலத்தின் உச்சம். அவர் வகுத்த கோள் கணிப்பு முறைகளை ஒத்தவை கோப்பர்னிகஸின் நூலிலும் காணப்படுகின்றன. இரு சமூகமும் இறைவனுக்காக நேரம் பார்த்தன. ஒன்றின் கேள்வி அதைச் சக்கரத்துக்கும், மற்றதன் கேள்வி அதைக் கணிதத்துக்கும் இட்டுச்சென்றது. அதில் ஒன்றை முன்னேற்றம் என்றும் மற்றதைத் தேக்கம் என்றும் சொல்வது பின்னாளில் எது பணமாக மாறியது என்பதை வைத்து எழுதும் தீர்ப்பு.

1560-ல் இஸ்தான்புல்லில் இருந்த ஐரோப்பியத் தூதர் புஸ்பெக், பீரங்கியை உடனே எடுத்துக்கொள்ளும் துருக்கியர் பொதுக் கடிகாரத்தை மட்டும் நிறுவ மறுக்கிறார்கள், மோதினார்களின் மதிப்புக் குறையும் என அஞ்சுகிறார்கள் என்று எழுதினார். மதம் தடுத்தது என்பவர்கள் இதைத் தவறாமல் எடுத்துக்காட்டுவார்கள். கோபுரக் கடிகாரம் அங்கே தாமதமாகவே வந்தது என்பது மெய். ஆனால் அதே காலத்தில் ஒட்டோமான் வானியலாளர் தகியுத்தீன் எடைக்கல், சுருள்வில் கடிகாரங்கள் பற்றி நூல் எழுதினார்; ஆஸ்திரியா சுல்தானுக்கு ஆண்டுதோறும் கடிகாரங்களைக் காணிக்கையாக அனுப்பியது; பின்னாளில் பள்ளிவாசலை ஒட்டிய நேரக்கணிதர் அறைகளிலேயே அவை இடம்பிடித்தன. சூரியன் மறையும்போது பன்னிரண்டு என்று நாள்தோறும் முள்ளைத் திருத்திக்கொண்டார்கள். துருக்கி அந்தக் கணக்கைக் கைவிட்டது 1926-ல்தான். தகியுத்தீனின் வானாய்வுக்கூடம் 1580-ல் இடிக்கப்பட்டதையும் நான் மறைக்கவில்லை. அதில் மார்க்க அறிஞர்களின் குரலும் இருந்தது, அரசவைப் பகையும் இருந்தது. மதநிறுவனம் தன் ஆட்களின் வேலையையும் மதிப்பையும் காக்க ஒரு கருவியைத் தள்ளிவைப்பது எங்கும் நடப்பதே. அங்கேயும் நாம் காண்பது கொள்கையின் வேலையை அல்ல, அமைப்பின் வேலையை.

சீனாவையும் இந்தியாவையும் பற்றி இங்கே சுருக்கமாகவே சொல்ல முடியும். சக்கரத்தைப் பிடித்துவிடும் அமைப்பை உலகில் முதலில் செய்தவர்களில் ஒருவர் பௌத்தத் துறவி யீசிங், ஆண்டு 725. ஆனால் அவர் அதைத் தம் விகாரைக்காகச் செய்யவில்லை, பேரரசரின் நாள்காட்டிக்காகச் செய்தார். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசு அதிகாரி சு சோங் கைஃபெங் நகரில் எழுப்பிய நீர்க்கடிகாரக் கோபுரமும் அரசருடைய சொத்து. 1127-ல் படையெடுத்த ஜுர்ச்சென்கள் அதைப் பெயர்த்துக்கொண்டு போனபின் அதைப் போல இன்னொன்றைச் செய்ய நூறு இடங்களில் நூறு வாடிக்கையாளர் இல்லை. ஐரோப்பாவிலோ ஒவ்வொரு மடமும் ஒரு வாடிக்கையாளர். இந்தியாவில் நாளுக்கு 60 நாழிகை. துளையிட்ட வட்டில் தண்ணீரில் மூழ்க மூழ்க எண்ணிச் சேகண்டி அடிக்க ஆள் வைத்திருந்தார்கள். இந்த ஏற்பாட்டைப் பாபர் தம் நினைவுநூலில் விவரித்திருக்கிறார். நம் கோயில்களில் ஆறு காலப் பூசை உண்டே, அங்கே ஏன் இயந்திரம் பிறக்கவில்லை என்று கேட்கலாம். பூசை செய்பவர்களும் பொழுது பார்ப்பவர்களும் வெவ்வேறு ஊழியக்காரர்களாக இருந்த இடத்தில், மாற்றி மாற்றி விழித்திருக்க மனிதர்கள் கிடைத்தார்கள். பொறிக்கு அங்கே அவசரம் இல்லை. இந்தியக் கதையில் இதைவிட நுணுக்கமான காரணங்களும் இருக்கலாம். குளிரில் தண்ணீர் உறைவது ஐரோப்பியரை எடைக்கல்லுக்குத் தள்ளியது என்பதும் கணக்கில் சேரவேண்டியதே.

வணிகர்களே கடிகாரத்தை உருவாக்கினார்கள் என்று சொல்பவர்களுக்கு என் பதில், அவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள் என்பது. மிலான் நகரின் சான் கொத்தார்தோ கோயில் கோபுரத்தில் 1336-ல் 24 மணிகளையும் அடித்துக்காட்டும் கடிகாரம் வந்தது. அது நின்ற இடம் கோயில், நிறுவியது ஆட்சியாளர் குடும்பம், கேட்டது சந்தை. அதற்குப்பின் நகரம் நகரமாகப் பரவியதற்கு வணிகரின் பணமே காரணம், அதில் ஐயமில்லை. கோடைக்கும் குளிருக்கும் நீண்டு சுருங்கிய மணி, கூலிக்கணக்குக்கு ஒத்துவராமல் மறைந்தது. 1355-ல் வட பிரான்சில் துணி நெசவு நடந்த எர் சூர் லா லிஸ் நகரம், வணிகத்துக்கும் நெசவுத் தொழிலாளரின் வேலைநேரத்துக்கும் மணியடிக்கத் தனிக் கோபுரம் கட்ட அனுமதி பெற்றது. செபத்துக்கு எழுப்பிய ஒலி இப்போது ஆலைக்கு அழைத்தது, தாமதித்தால் பரிகாரத்துக்குப் பதில் அபராதம். திருச்சபையால் இதைத் தடுக்கவும் முடியவில்லை. பல இடங்களில் தடுக்க விரும்பவும் இல்லை, ஏனெனில் நிலமும் மணியும் அதனுடையவையாக இருந்தன. தொழிலாளர்கள் மட்டும் எதிர்த்தார்கள். 1367 மார்ச் 16 அன்று தெருவான் நகரப் பேராலயத்தின் குருமார்கள், ஊரிலும் கோயிலிலும் கலகம் மூளாமல் இருப்பதற்காக, வேலைமணியை இனி ஒருபோதும் அடிப்பதில்லை என்று துணியை மிதித்துப் பதப்படுத்துவோர் உள்ளிட்ட தொழிலாளர்களிடம் எழுதிக்கொடுத்தார்கள்.